வெறும் தண்ணீர்

வணக்கம் சார். போன் மணி அடித்தாலே அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கிறது. டாக்டர் பீட்டா பிளாக்கர் கொடுத்தார். அட்ரினலினைத் தடுக்கும் மாத்திரை என்று படித்ததும் பயந்துபோய் இரண்டு நாளாக நிறுத்தி வைத்திருக்கிறேன். பயம், பாசம் எல்லாம் வெறும் ரசாயனம்தானா?
கார்த்திக், பெரம்பூர்

அன்புள்ள கார்த்திக்,

யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால், அடங்கியிருந்த இதயம் எகிறித் துடிக்கும். ஆபத்து. மேலே படிப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் போடுங்கள். அம்மாவின் பாசம் எங்கேயும் போகாது.

பாசம் எங்கே இருக்கிறது என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். உங்கள் ‘வெறும்’தான் உறுத்துகிறது. கொஞ்ச நாளாகவே அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை.

பயந்தால் ஊறும் அட்ரினலின் இதயத் தசையின் செல்லுக்குள் நுழைய வேண்டியதே இல்லை. வாசலில் பீட்டா ஏற்பி என்ற அழைப்பு மணியைத் தொடும், அவ்வளவுதான். உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற இன்னொரு தூதன் கிளம்பி, கால்சியம் வரும் வழியைத் தாராளமாகத் திறந்துவிடச் செய்கிறான். வெளியிலிருந்து வரும் துளிக் கால்சியம் உள்ளே சேர்த்து வைத்த கால்சியத்தை அவிழ்க்கிறது. தசை சுருங்குகிறது. உங்கள் மாத்திரை அந்த வாசலை மறித்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கால்சியத்தைக் காட்டிக்கொடுத்ததே ‘வெறும்’ தண்ணீர்தான். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர், உப்புக் கரைசலில் தவளை இதயம் துடிப்பதைப் பார்த்து, தான் போட்ட உப்பே போதும் என்று நினைத்தார். 1883-இல் அவரே திருத்தி எழுதினார்: கரைசலைக் கலந்தது காய்ச்சி வடித்த தண்ணீரில் இல்லை, குழாய்த் தண்ணீரில். வடித்த தண்ணீரில் கலந்தபோது இதயம் நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் கால்சியம் இருந்திருக்கிறது! பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்று நாம் போர் தண்ணீரைத் திட்டுகிறோமே, அதே சமாச்சாரம்.

சென்னையில் நான் விலங்கியல் படித்தபோது, ஆய்வகத்தில் ஒரு தவளை இதயத்துக்கு உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். துடிப்பு தளர்ந்துகொண்டே போனது. அட்டெண்டர் அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். “வெறும் உப்புத் தண்ணியா? படிக்கிற புள்ளதானே நீ?” கால்சியமும் சேர்ந்த ரிங்கர் கரைசல் பாட்டிலைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டார். நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். மெதுவாக, ஒரு துடிப்பு வந்தது. அப்புறம் இன்னொன்று.

பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை அவரை. பரீட்சையில் ரிங்கரைப் பற்றி எழுதி மதிப்பெண் வாங்கினேன்.