வாழ்க்கைத் துணை திடீரென நோயில் விழும்போது: நம்பிக்கை குறித்த கேள்வி பதில்

வாழ்க்கைத் துணை எதிர்பாராமல் உயிருக்குப் போராடும் நிலைக்கு ஆளாகும்போது கத்தோலிக்கக் குடும்பத்தினரிடம் எழும் கேள்விகளுக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி, இப்போது நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் பணியாளராக இருக்கும் பெண்மணி ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: இரவில் கணவருக்குத் திடீரென வாய் கோணி, பேச்சு குழறியது. மாமியார் முதலில் ஃபாதரைக் கூப்பிடச் சொன்னார். இப்படிப்பட்ட நேரத்தில் யாரை முதலில் அழைப்பது?

பதில்: ஆம்புலன்சை. இதில் மறுயோசனைக்கே இடமில்லை. வாய் கோணுவது, ஒரு பக்கத்துக் கை தளர்ந்து விழுவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றும் பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். ஆகவே அறிகுறி எப்போது தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் அதைக் கட்டாயம் கேட்பார். சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது. நோயுற்றால் இறைவனிடம் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. வண்டி கிளம்பிய பிறகு, உடன் வராத உறவினர் ஒருவர் பங்குத்தந்தையை அழைக்கட்டும். நீங்கள் வண்டியில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டே செபிக்கலாம்.

கேள்வி: என் மனைவி நினைவின்றி, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையில் இருக்கிறாள். நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதலுக்கு அருள்தந்தையை அழைக்கலாம் என்றேன். "உயிரோடு இருக்கிறவளை ஏன் வழியனுப்பப் பார்க்கிறீர்கள்?" என்று அவளுடைய அம்மா கதறுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: இன்றே அழையுங்கள். உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் குறைவாக எண்ணவில்லை. கடைசி மூச்சுக்குச் சற்று முன்புதான் இந்த அருளடையாளத்தைக் கொடுப்பது என்ற வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலவியதால், அருள்தந்தையைக் கண்டாலே மரணம் வந்துவிட்டது என்று நம் பெரியவர்கள் நடுங்கினார்கள். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தில், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று தெளிவாக்கியது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் சடங்கு முறையையே அதற்கேற்பத் திருத்தியமைத்தார். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெறலாம்; பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் பெறலாம். நோய் மேலும் கடுமையானாலோ, குணமான பின் மீண்டும் நோயுற்றாலோ மறுபடியும் பெறலாம். வழியனுப்பும் சடங்காக இருந்தால் இத்தனை முறை கொடுக்கத் திருச்சபை ஏன் இடம் தர வேண்டும்?

மனைவி நினைவிழந்திருப்பது தடையாகாது. நினைவோடு இருந்தபோது மறைமுகமாகவேனும் விரும்பியிருப்பார் என்றால் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் (எண் 1006) சொல்கிறது. நம்பிக்கையோடு வாழ்ந்த ஒரு கத்தோலிக்கரின் வாழ்க்கையே அந்த விருப்பத்துக்குச் சான்று.

நடைமுறையில் இது சில நிமிடங்களில் முடிந்துவிடும். அருள்தந்தை கைகளைக் கழுவி, மேலங்கியும் முகக்கவசமும் அணிந்து படுக்கையருகே வருவார். பேசாமல் நோயாளியின் தலைமேல் கைகளை வைப்பார். பிறகு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி மன்றாடுவார். இரண்டு கைகளிலும் ஊசிக்குழாயும் பட்டியும் சுற்றியிருந்தால் நெற்றியில் மட்டும் பூசினாலே போதும். தொற்று அபாயம் இருந்தால் பஞ்சால் தொட்டுப் பூசுவதும் உண்டு. பொறுப்புச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், மருந்து மாற்றும் நேரமும் மருத்துவர் சுற்றிவரும் நேரமும் போக ஓர் இடைவெளியை அவர் ஒதுக்கித் தருவார். இருவருக்கு மட்டும் அனுமதி என்றால், அருள்தந்தையோடு உங்கள் மாமியாரையே உள்ளே அனுப்புங்கள் என்பது என் கருத்து. நோயாளி நலம்பெற வேண்டும் என்று அந்த மன்றாட்டு கேட்பதைத் தம் காதாலேயே கேட்டால் அவருடைய பயம் பெரும்பாலும் தணிந்துவிடும்.

கேள்வி: என் கணவர் மாரடைப்பில் விழுந்து, அருள்தந்தை வந்து சேர்வதற்குள் இறந்துவிட்டார். பாவசங்கீர்த்தனமும் இல்லை, பூசுதலும் இல்லை. அவருடைய ஆன்மாவை நினைத்தால் எனக்கு உறக்கமே வருவதில்லை.

பதில்: சகோதரி, உங்கள் கணவரை இறைவனின் இரக்கத்திடம் நம்பி ஒப்படையுங்கள். கடவுள் தம் அருளடையாளங்களின் வழியாகச் செயல்படுகிறார், ஆனால் அவற்றுக்குள் அடைபட்டவர் அல்லர். இது திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிப்பது. ஒப்புரவு அருளடையாளத்தை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, பெற வழியில்லாத நேரத்தில், கடவுள்மீது கொண்ட அன்பினால் எழும் உண்மையான மனத்துயர், இயன்றவுடன் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு சேரும்போது, சாவான பாவத்துக்கும் மன்னிப்பைப் பெற்றுத் தரும். அருள்தந்தை கிடைக்காத நிலையில், வாழ்நாளில் செபிக்கும் வழக்கம் கொண்டிருந்தவர் தகுந்த மனநிலையில் இருந்தால் இறக்கும் வேளையில் முழுப் பேறுபலனை, அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுவிப்பை, திருச்சபையே வழங்குகிறது. மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அந்தக் கடைசி நொடிகளில் உங்கள் கணவருக்கும் இறைவனுக்கும் இடையே நடந்தது என்ன என்பதை நீங்களோ நானோ அறிய முடியாது. அறிந்தவர் அவரை உங்களைவிட அதிகமாக நேசிப்பவர். உங்கள் கணவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். இன்று உங்கள் அன்பு அவரை எட்டும் வழி அதுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: உயிர் பிரிந்துவிட்டதா என்ற ஐயம் இருக்கும்வரை பூசுதலைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம் (எண் 1005). ஆகவே, தாமதமாகிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்து அருள்தந்தையைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இதைக் கொடுக்க அருள்தந்தையால் மட்டுமே முடியும். திருத்தொண்டரோ என்னைப் போன்ற நற்கருணைப் பணியாளரோ கொடுக்க இயலாது.

கேள்வி: அறுவை அரங்குக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது என்னால் செபிக்கவே முடியவில்லை. கடவுள்மேல் கோபம்தான் வந்தது. என் நம்பிக்கை பொய்யா?

பதில்: இல்லை. திருப்பாடல் 88ஐ இன்றிரவு எடுத்துப் படியுங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை புலம்பலாகவே இருந்து, இருளோடு முடியும் பாடல் அது. அதை நீக்காமல், மெருகேற்றாமல், இறைவேண்டலாகவே திருச்சபை காத்து வைத்திருக்கிறது. "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான்" என்று, தம் சகோதரர் இலாசரை இழந்த மார்த்தா இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கோபத்தை அவரிடமே கொண்டுபோய்க் கொட்டுகிறவர் அவரை விட்டு விலகிப் போகவில்லை.

என் கணவருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு அறுவை நடந்த இரவில், அவருடைய திருமண மோதிரத்தைச் சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் தந்தார்கள். எத்தனையோ குடும்பங்களிடம் அப்படி உறையை நீட்டியவள் நான். ஆயினும் அன்று "இயேசுவே" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை. எவ்வாறு வேண்டுவது என்று நமக்குத் தெரியாதபோது தூய ஆவியாரே சொல்லொணாப் பெருமூச்சுகளோடு நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று பவுல் உரோமையருக்கு எழுதியது (8:26) இத்தகைய இரவுகளுக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்களால் முடியாதபோது மற்றவர்களைச் செபிக்கச் சொல்லுங்கள். முடக்குவாதமுற்றவரைக் கூரையைப் பிரித்து இறக்கியபோது, சுமந்து வந்தவர்களுடைய நம்பிக்கையைக் கண்டுதான் இயேசு செயல்பட்டார் என்று மாற்கு எழுதுகிறார்.

கேள்வி: கணவர் பிழைத்தால் அவரைத் திருத்தலத்துக்கு நடந்தே வரவைக்கிறேன் என்று பயத்தில் நேர்ந்துகொண்டேன். அவர் பிழைத்துவிட்டார், ஆனால் இதயம் பலவீனமாக இருப்பதால் நடக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். நேர்ச்சை தவறினால் மறுபடியும் ஏதாவது நேர்ந்துவிடுமோ?

பதில்: நேராது. அவரை நடக்க வைக்காதீர்கள். பொருத்தனை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் (திருச்சபைச் சட்டம், எண் 1193). ஆகவே நீங்கள் நேர்ந்ததற்கு உங்கள் கணவர் எவ்வகையிலும் கடமைப்பட்டவர் அல்லர். உங்கள் பங்கைப் பொறுத்தவரை, பொருத்தனை என்பது ஆழ்ந்து சிந்தித்து, முழு விடுதலையோடு கொடுக்கும் வாக்கு. அவசரப் பிரிவின் வாசலில், நிற்கவும் வலுவில்லாத நிலையில் வாயிலிருந்து வந்த வார்த்தை அத்தகையதா என்பதை உங்கள் பங்குத்தந்தையிடம் பேசித் தெளிவுபெறுங்கள். தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் அவருக்கும் உண்டு. அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

இதைவிட என்னை வருத்துவது உங்கள் கேள்வியின் கடைசி வரி. கொடுத்த கடனை வட்டியோடு வசூலிக்கக் காத்திருப்பவராகக் கடவுளை எண்ணினால், கணவருக்கு ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் நீங்கள் நடுங்கிக்கொண்டே இருப்பீர்கள். கடவுள் நம் தந்தை. நன்றியாகச் செய்யுங்கள், கப்பமாகச் செய்யாதீர்கள்.

கேள்வி: குடும்பத்தில் யாரோ செய்த பாவத்தால்தான் மனைவிக்கு இப்படி ஆனது என்று உறவினர்கள் பேசுகிறார்கள்.

பதில்: பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவர் செய்த பாவமும் அல்ல, இவர் பெற்றோர் செய்த பாவமும் அல்ல என்று இயேசு பதில் சொல்லிவிட்டார் (யோவான் 9). அதற்கு மேல் உறவினர்களோடு வாதிட வேண்டியதில்லை. அவர்கள் நோயாளியின் காதுபட அப்படிப் பேசினால் வெளியே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கணவர் மீள வாய்ப்பே இல்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், செயற்கைச் சுவாசத்தைத் தொடர்வதா என்று எங்களிடம் கேட்கிறார்கள். நிறுத்தினால் அது கொலையாகுமா?

பதில்: மயக்கவியல் மருத்துவர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957இல் பதிலளித்தார்: உயிரைக் காக்கப் பொதுவாகச் சாதாரண வழிமுறைகளைக் கையாளவே கடமை உண்டு, தாங்கொணாச் சுமையாகும் வழிமுறைகளுக்குக் கடமை இல்லை. மறைக்கல்வி ஏட்டின் 2278ஆம் எண்ணும் இதையே கற்பிக்கிறது: பெருஞ்சுமையான, எதிர்பார்க்கும் பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்துவதன்மூலம் நாம் சாவை விரும்பவில்லை, அதைத் தடுக்க இயலாமையை ஏற்றுக்கொள்கிறோம். உயிரைப் போக்கும் நோக்கத்தோடு மருந்து செலுத்துவது முற்றிலும் வேறு. அதை ஒருபோதும் ஏற்க முடியாது. சுத்தம் செய்தல், வலி தணித்தல், உடல் ஏற்கும்வரை உணவும் நீரும் தருதல் ஆகிய அடிப்படைக் கவனிப்பை நிறுத்தவும் கூடாது.

"வாய்ப்பே இல்லை" என்பதன் பொருளை மருத்துவரிடம் துல்லியமாகக் கேளுங்கள்: மூளைச்சாவா, நினைவு திரும்பாத நிலையா, பல உறுப்புகள் செயலிழந்த நிலையா? கணவர் முன்பு இதுபற்றி ஏதேனும் சொல்லியிருந்தால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். அருள்தந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். அது பாவமன்னிப்பு, பூசுதல், இறுதி மன்றாட்டுகள் ஆகியவற்றுக்கும் நேரம் தரும்.

கேள்வி: மனைவியோடு மருத்துவமனையில் இருப்பதால் ஞாயிறு திருப்பலிக்குப் போக முடியவில்லை. பாவமா?

பதில்: பாவமில்லை; நோயாளியைக் கவனிப்பது போதுமான காரணம். உங்களுக்கும் நற்கருணை கொண்டுவரச் சொல்லுங்கள். நோயாளிக்கும் அவரைக் கவனிப்பவருக்கும், நற்கருணை பெறுவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் நோன்பு விதியும் பொருந்தாது.

கேள்வி: மனைவி பிழைத்து வீடு வந்துவிட்டாள். ஆனால் அவள் பழைய மனுஷி இல்லை. எதற்கெடுத்தாலும் சீறுகிறாள், சற்று முன் சொன்னதை மறக்கிறாள். எல்லாரும் நன்றித் திருப்பலி வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு நன்றி வரவில்லை.

பதில்: வராததில் வியப்பில்லை. உயிரோடு இருப்பவரை இழந்த துக்கம் உங்களுடையது. அதற்கு ஆறுதல் சொல்ல யாருக்கும் தெரிவதில்லை. சீறுவது பெரும்பாலும் மூளையின் காயமே, உங்கள்மீது உள்ள வெறுப்பு அன்று. நரம்பியல் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி மறுவாழ்வுப் பயிற்சி கேளுங்கள். திருப்பலியை நன்றிக் கருத்துக்கு மட்டும்தான் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதில்லை, இருவருக்கும் வலிமை வேண்டியும் ஒப்புக்கொடுக்கலாம். "நலத்திலும் நோயிலும்" என்று பீடத்தின் முன் கொடுத்த வாக்கு திருமண அருளடையாளத்தின் அருளைச் சார்ந்தே நிற்கிறது. அந்த அருளை நாள்தோறும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பங்கு மக்களிடம் உதவி கேட்கும்போது, "செவ்வாய் மாலை மனைவியோடு இரண்டு மணி நேரம் யாராவது உட்கார்ந்திருக்க முடியுமா?" என்று நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டே கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தலையசைப்பார்கள். இப்படிக் கேட்டால் யாராவது ஒருவர் வருவார்.