31 மிஸ்டு கால்

அன்புள்ள சார்,

அக்காவுக்கு 'பார்டர்லைன்' ஆளுமைக் கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாக விலகிவிட்டார்கள். போன வாரம் நான் மீட்டிங்கில் இருந்தபோது 31 முறை அழைத்தாள். எடுத்தால், "இனிமேல் என்கிட்ட பேசாதே" என்று வைத்துவிட்டாள். இந்த டிராமா எத்தனை நாள்? நம்பரை பிளாக் செய்துவிடலாமா? தியானம் உதவுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தியானத்தை டாக்டரிடம் கேளுங்கள். டிராமா என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்தக் கோளாறுக்கு 9 அறிகுறிகள்; என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற தவிப்புதான் முதலாவது. அக்கா நடிக்கவில்லை அம்மா.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் எனக்கு ஒரு அறைத்தோழன். எட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எட்டரைக்குப் போனால் என் பெட்டி, பாய், பக்கெட் எல்லாம் வராந்தாவில் கிடக்கும். காலையில் கண் விழித்தால் தலைமாட்டில் ஒரு பொட்டலம், உள்ளே பட்டர் பன். என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டான். அவனுக்கு என்ன கோளாறு என்று நான் பெயர் வைக்கப் போவதில்லை. ஒருநாள் அவன் வேலைக்குப் போயிருந்தபோது சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அறையைக் காலி செய்தேன். அந்தக் காலத்து பிளாக்.

அக்காவுக்கு இருக்கும் கோளாறுக்கென்றே டிபிடி என்ற பேச்சு சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹன், 1961ல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் மனநல மருத்துவமனைத் தனியறையில் கிடந்தவர். அதை அவர் ஊரறியச் சொன்னது 2011ல்தான். அந்த அம்மாளின் முறையில் போனும் சிகிச்சைதான். மனசு முறுக்கிக்கொண்டு வரும்போதே தெரபிஸ்டை அழைக்கலாம். கையைக் கிழித்துக்கொண்ட பிறகு என்றால், உயிராபத்து இல்லாதவரை, 24 மணி நேரத்துக்கு அந்த அழைப்பு கிடையாது. அடிபட்டால்தான் ஆள் வரும் என்று மனசு பழகிவிடக் கூடாதே! தெரபிஸ்டுகளுக்கும் சலிப்பு வரும் என்று அவர்களுக்கே வாராவாரம் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார். உங்களுக்குச் சலித்தால் தப்பில்லை.

சரி, நேரம் குறியுங்கள். ராத்திரி 9 மணிக்கு நீங்களே அக்காவைக் கூப்பிடுங்கள், 15 நிமிஷம் பேச்சு. முந்தின நாள் சண்டை என்றாலும் 9, அவள் சிரித்துக்கொண்டிருந்தாலும் 9. நாலாம் நாள் எடுக்க மாட்டாள், சோதிக்கிறாள்; அஞ்சாம் நாளும் போன் அடியுங்கள். சாகிறேன் என்றால் கடிகாரம் பார்க்காதீர்கள். டாக்டர், இல்லையென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். மற்றபடி, 'மீட்டிங், 4 மணிக்குக் கூப்பிடுகிறேன்' என்று ஒரு வரி. அதைத் தட்டிவிட எவ்வளவு நேரமாகும்?

மேன்ஷன் மேனேஜர் மேஜையிலும் ஒரு போன் இருந்தது. எட்டரை ஆகும் என்று ஒருநாளும் நான் கூப்பிட்டுச் சொன்னதில்லை.