வயலை அழித்தால் வீடு மலியுமா?

அன்பின் அண்ணாவுக்கு,

ஒன்ராறியோ மாகாணத்தின் பசுமை வளையத்தை, அதாவது ரொறன்ரோவையும் சுற்றுநகரங்களையும் சூழ்ந்து, கட்டடம் எழும்பாமல் சட்டம் காக்கும் வயல்களையும் காடுகளையும் சதுப்புகளையும், காக்கப் போராடிய குடியிருப்பாளர்களைப் புகழ்ந்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு அது வேறுமாதிரித் தெரிகிறது. "பசுமை வளையத்தில் கைவைக்காதே" என்று முற்றத்தில் பலகை நட்டவர்கள் எல்லாருக்கும் சொந்த வீடு இருக்கிறது. என் மகன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறான். இருவரும் வேலை செய்கிறார்கள். அப்படியிருந்தும் முற்பணம் சேரவில்லை. ஏஜாக்ஸில் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே காரோட்டிப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காணி. ஐம்பதாயிரம் வீடு கட்டலாம் என்று அரசாங்கம் சொன்னபோது மறித்தவர்கள் வீடு உள்ளவர்கள்தான். நாங்கள் இருக்கும் வீடுகளும் ஒருகாலத்தில் வயலில் எழும்பியவைதானே? நாங்கள் உள்ளே வந்ததும் பின்னால் வருகிறவர்களுக்குப் படலையைச் சாத்துவது நியாயமா?

ஏஜாக்ஸிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் மகனின் நிலைமையில் என் உறவிலேயே நாலைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும், அதுவும் இந்தப் பத்து வருடத்துக்குள் வேண்டும். அதில் நமக்குள் வேறுபாடு இல்லை. அந்த வீடு ஏன் இல்லை என்பதில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

வீட்டு விலையை ஆராய மாகாண அரசே ஒரு பணிக்குழுவை நியமித்தது. பத்து வருடத்தில் பதினைந்து இலட்சம் வீடு வேண்டும் என்று 2022 பெப்ரவரியில் சொன்னது அந்தக் குழுதான். நிலத் தட்டுப்பாடு இந்தப் பிரச்சினைக்குக் காரணம் அல்ல, நகரங்களுக்குள்ளும் பசுமை வளையத்துக்கு வெளியிலும் நிலம் இருக்கிறது என்று அதே அறிக்கையில் எழுதியதும் அதே குழுதான். முதலாவதை அரசாங்கம் மேடைக்கு மேடை சொன்னது. இரண்டாவதைச் சொல்லவில்லை. ஒன்பது மாதம் கழித்து, நவம்பரில், பசுமை வளையத்தில் பதினைந்து இடங்களில் 7,400 ஏக்கரை விடுவிக்கப்போவதாக அறிவித்தார்கள். வேறிடத்தில் 9,400 ஏக்கர் சேர்ப்போம் என்றும் சொன்னார்கள். கருத்துக் கேட்டபோது முப்பதாயிரத்துக்கும் மேல் பதில்கள் போயின. மிகப் பெரும்பாலானவை வேண்டாம் என்றன. டிசம்பரில் அப்படியே நிறைவேற்றினார்கள்.

அந்த 7,400 ஏக்கரில் பாதிக்கும் மேல் ஒரே இடத்தில் கிடக்கிறது. நீங்கள் சொல்லும் சோளக்காணிகளுக்கு மேற்கே, ரூஜ் தேசிய நகர்ப்பூங்காவை ஒட்டி இருக்கும் டஃபின்ஸ் ரூஜ் விவசாயக் காப்புநிலம் அது. அதன் கதையை நீங்கள் அறிய வேண்டும். நம் ஆட்களுக்கு 'காணி சுவீகரிப்பு' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. 1972இல் மத்திய அரசு பிக்கரிங்கில் ஒரு விமான நிலையத்துக்கென்று 18,600 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அறிவித்தது. பக்கத்திலேயே ஒரு புது நகரத்துக்கென்று மாகாண அரசும் காணி எடுத்தது. தலைமுறையாக இருந்த கமக்காரர்கள் தங்கள் காணியிலேயே குத்தகைக்காரர் ஆனார்கள். "மனிதரா, விமானமா" என்று கேட்டு ஊர்ச்சனம் எழும்பிப் போராட, 1975இல் விமான நிலைய வேலை நின்றது. ஆனால் அது கட்டப்படாது என்று மத்திய அரசு சொல்வதற்கு 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பத்துமூன்று வருடம், தம்பி.

மாகாண அரசு எடுத்த காணியில் ஒரு பகுதிதான் இந்தக் காப்புநிலம். அது 2000ஆம் ஆண்டை ஒட்டி விற்கப்பட்டது. விவசாயக் காணியின் விலைதான். என்றென்றைக்கும் விவசாயத்துக்கு மட்டுமே என்ற நிபந்தனை இருந்தபடியால்தான் அந்த விலை. பிறகு கைமாறிக் கைமாறி அதில் பெரும்பகுதி நில மேம்பாட்டாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2005இல் பிக்கரிங் நகரசபை அந்த நிபந்தனையை நீக்கியது. மாகாணம் அதே வருடம் தனிச்சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தைத்தான் 2022இல் தூக்கினார்கள்.

ஊரில் கிணற்றுப்பங்கு உள்ள காணியை நினைத்துப் பாருங்கள். நாலு குடும்பம் தண்ணீர் அள்ளும் கிணறு உங்கள் எல்லைக்குள் இருக்கிறது. பங்கு உறுதியில் எழுதியிருக்கிறது. அதற்காகவே விலை குறைத்து உங்களுக்கு விற்கிறார்கள். வாங்கி இருபது வருடம் கழித்து, உறுதியில் அந்த வரியை வெட்டுவித்து, கிணற்றைச் சுற்றி மதில் கட்டி, முழுவிலைக்கு விற்கிறீர்கள். அயலார் படலையில் நின்று கத்தினால், அவர்களுக்கு வீடு இருக்கிறது, அதனால் கத்துகிறார்கள் என்று சொல்லலாமா? அந்தப் பங்கு அவர்களுடையது. நாளைக்குத் தண்ணீர் அள்ள வரும் உங்கள் பேரப்பிள்ளையுடையதும்.

இது வெறும் உவமை அல்ல. 2023 ஓகஸ்ற்றில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக் அறிக்கை வெளியிட்டார். அந்தக் காணிகளின் பெறுமதி எட்டு பில்லியன் டொலருக்கும் மேல் ஏறியிருக்கும் என்று அதில் இருந்தது. பரிசீலித்த 22 இடங்களில் 21ஐக் கொண்டுவந்தவர் வீடமைப்பு அமைச்சரின் தலைமை அலுவலர். ஒரு இராப்போசன விருந்தில் மேம்பாட்டாளர்கள் இருவர் கொடுத்த பொதிகளில் அவற்றில் முக்கியமானவை இருந்தன. ஆராய அரச ஊழியர்களுக்குக் கிடைத்தது சுமார் மூன்று வாரம். டர்ஹாம், யோர்க், ஹமில்ரன் பகுதிகளின் தலைமைத் திட்டமிடலாளர்கள் மூவருமே, வீட்டு இலக்கை எட்ட இந்தக் காணி தேவையில்லை என்று கணக்காய்வாளரிடம் சொன்னார்கள். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் இல்லாத வயலில் நாளைக்கே வீடு எழும்பாது. உங்கள் மகனின் பெயரைச் சொல்லி எடுத்த காணி அது. அவனுக்கு அதில் ஒரு வீடும் வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

செப்டம்பர் தொடக்கத்தில் வீடமைப்பு அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் பதவி விலகினார். 21ஆம் திகதி முதல்வர் டக் ஃபோர்ட், அது பிழைதான் என்று ஒத்துக்கொண்டு எல்லாக் காணியையும் பசுமை வளையத்துக்கே திருப்புவதாக அறிவித்தார். கணக்காய்வு அறிக்கை இல்லாமல் அது நடந்திராது. ஆனால் மாரிகாலக் குளிரில் மாகாண சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலக வாசலில் நின்ற ஓய்வூதியர்களும் கமக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இல்லாமலும் நடந்திராது. ஒரு சனிக்கிழமை நானும் போய் நின்றேன். அங்கே நம் முகங்கள் மிகக் குறைவு. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கரிங் என்று இந்தக் காணிகளைச் சுற்றியே குடியிருக்கும் நாங்கள் வராதது எனக்கு வருத்தம். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். கனடாவின் முதல்தர விளைமண்ணில் பாதிக்கு மேல் இருப்பது ஒன்ராறியோவில். 2016, 2021 விவசாயக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் இங்கே நாளொன்றுக்குச் சராசரி 319 ஏக்கர் விவசாய நிலம் குறைந்திருக்கிறது. நல்ல மண் என்றால் என்ன என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் இருக்கும் வீடும் வயல்தானே என்று கேட்டீர்கள். உண்மைதான். ஆனால் எல்லா நிலத்திலும் கட்டியதும் இல்லை. 1954 ஒக்ரோபரில் ஹேசல் புயல் வந்தபோது கனடாவில் 81 பேர் இறந்தார்கள். ரொறன்ரோவில் ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதற்குப் பிறகு ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்ட விடவில்லை. இன்று நாங்கள் பிள்ளைகளோடு நடக்கும் பூங்காக்கள் பல அப்படிக் கட்டாமல் விட்ட இடங்கள். மழைநீரை உறிஞ்சி ஆற்றுக்கு ஆறுதலாக விடும் சதுப்பையும் வயலையும் மேலே மூடினால் வெள்ளம் கீழே வரும். டஃபின்ஸ் ஆறு ஏஜாக்ஸ் வழியாகத்தான் ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது.

நீங்கள் சொன்னதில் ஒன்றை மறுக்க மாட்டேன். பலகை நட்டவர்களில் சிலர், தங்கள் தெருவில் ஒரு சிறு அடுக்குமாடிக்கு விண்ணப்பம் வந்தாலும் எதிர்க்கிறார்கள். வயலிலும் கட்டாதே, என் தெருவிலும் கட்டாதே என்பவரோடு நான் இல்லை. ஹமில்ரன் ஆட்கள் இதை நேர்மையாகச் செய்தார்கள். 2021இல் நகரசபை தபாலில் கருத்துக் கேட்டபோது, 18,000க்கும் மேற்பட்ட பதில்களில் 90 சதவீதம் நகர எல்லையை விரிக்க வேண்டாம் என்றன. அப்படியென்றால் வருகிற சனம் முழுவதையும் இருக்கிற நகரத்துக்குள்ளேயே ஏற்க வேண்டும். தெரிந்துதான் சொன்னார்கள். ரொறன்ரோவில் 2023 மே மாதம் எந்தத் தெருவிலும் நாலு வீட்டுக் கட்டடம் கட்டலாம் என்று தீர்மானமானது. ஆறு வீட்டுக்கு 2025இல் வாக்கெடுத்தபோது ஸ்காபரோவில் ஒரேயொரு வட்டாரம்தான் சேர்ந்தது. மற்றவற்றில் எதிர்ப்பு. அந்த எதிர்ப்பில் நம் ஆட்களின் குரலும் இருந்தால் அதுதான் உங்கள் மகனுக்குப் படலையைச் சாத்துவது.

2022இல் மாகாணம் கொண்டுவந்த ஒரு வீடமைப்புச் சட்டம் ஆற்றுப்படுகைகளைக் காக்கும் அதிகாரசபைகளின் கையைக் கட்டியது. அதை நான் எதிர்க்கிறேன். ஆனால் குழாய் வசதியுள்ள எந்தக் குடியிருப்புக் காணியிலும் மூன்று குடியிருப்புகள் அமைக்கலாம் என்றதும் அந்தச் சட்டம்தான், அது நல்ல காரியம். உங்கள் வளவு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. பின்வளவில் மகனுக்கு ஒரு சிறுவீடு போட இடமிருக்கிறதா என்று ஒருநாள் அளந்து பாருங்கள். உங்கள் தெருவில் யாராவது நாலு வீட்டுக் கட்டடத்துக்கு விண்ணப்பித்து அறிவித்தல் பலகை வைத்தால், ஆதரித்துக் கடிதம் எழுதுங்கள். கூட்டத்தில் பேச வேண்டுமென்றால் எனக்குச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணா