திபேரியஸைப் பற்றி யார் சொல்வதை நம்புவது? – கேள்வி பதில்

ரோமின் இரண்டாவது பேரரசர் திபேரியஸ் பற்றி அந்தக் காலத்து வரலாற்றாசிரியர்கள் எழுதியதை வைத்து என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். காப்ரி தீவு பற்றி மட்டும் ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஏன் என்று தெரியும், அதற்கும் வருகிறேன்.

பைபிளில் வரும் ‘திபேரியுராயன்’ இவர்தானா சார்?

இவரேதான். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவர். பின்னால் அகஸ்டஸ் தத்தெடுத்துக்கொண்டார். கி.பி. 14இல் ஆட்சிக்கு வந்தபோது வயது 54. 37 மார்ச்சில், 77 வயதில் இறந்தார். ‘இராயனுடையதை இராயனுக்கு’ என்று இயேசு சொன்னபோது காட்டிய காசில் இருந்ததும் இவர் தலைதான் என்பது பொதுவான கருத்து.

இவரைப் பற்றி எழுதியவர்கள் யார் யார்? நேரில் பார்த்தவர்கள் உண்டா?

முக்கியமாக நான்கு பேர். வெல்லேயஸ் பட்டேர்குலஸ் நேரில் பார்த்தவர், இவருக்குக் கீழே படையில் இருந்தவர். டாசிடஸும் சுவெட்டோனியஸும் எழுதியது இவர் இறந்து ஏறக்குறைய 80 ஆண்டு கழித்து. காசியஸ் டியோ அதற்கும் ஒரு நூற்றாண்டு பின்னால், கிரேக்க மொழியில். நேரில் பார்த்தவர் புகழ்கிறார், பார்க்காத மூவரும் திட்டுகிறார்கள். இதிலிருந்து அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

டாசிடஸ் ‘கோபமோ சார்போ இல்லாமல் எழுதுகிறேன்’ என்கிறார். ஆனால் படித்து முடித்தால் திபேரியஸ் மேல் வெறுப்புதான் வருகிறது. பொய் சொல்கிறாரா?

பொய் சொல்வதில்லை, அதுதான் அவர் சாமர்த்தியம். தகவலில் கை வைக்க மாட்டார். கி.பி. 17இல் ஆசிய மாகாணத்தில் (இன்றைய துருக்கியில்) 12 நகரங்கள் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, சார்திஸ் நகரத்துக்கு 1 கோடி செஸ்டெர்ஸ் (ரோமக் காசு) உதவியும் ஐந்து ஆண்டு வரிவிலக்கும் திபேரியஸ் கொடுத்ததை எழுதிவைத்தவரும் இவர்தான். ஸ்பெயினில் தனக்குக் கோயில் கட்டக் கேட்டபோது ‘நான் சாகப்போகிற மனிதன்’ என்று மறுத்ததையும் விடவில்லை.

வித்தை வேறு இடத்தில் இருக்கிறது. 23இல் திபேரியஸின் மகன் துரூசஸ் இறக்கிறார். நம்பகமானவர்கள் சொல்கிறபடி விஷம் வைத்தவர் செஜானஸ் என்ற தளபதி என்று முதலில் எழுதுகிறார். சரி. அப்புறம், ‘ஒரு வதந்தியும் உண்டு’ என்று ஆரம்பிக்கிறார். ‘உங்கள் மகன் உங்களைக் கொல்லப் பார்க்கிறான், விருந்தில் அவன் நீட்டும் முதல் கிண்ணத்தைக் குடிக்காதீர்கள்’ என்று செஜானஸ் ஓதிவிட, திபேரியஸ் அந்தக் கிண்ணத்தை வாங்கி மகனிடமே கொடுக்க, ஒன்றும் அறியாத பையன் மடமடவென்று குடித்துவிட்டான் என்று முழுக்கதையும் சொல்கிறார். சொல்லிவிட்டு, ‘இதை நம்ப முடியாது, எந்தத் தகப்பன் விசாரிக்காமல் இப்படிச் செய்வான்?’ என்று அவரே மறுக்கிறார். மறுப்பு யாருக்கு ஞாபகம் இருக்கும்? அந்தக் கிண்ணம்தான் மனதில் நிற்கும். ‘நான் சொல்லலப்பா, ஊர் பேசுது’ என்பது நமக்குத் தெரியாத உத்தியா என்ன?

இன்னொன்று. டாசிடஸ் பதவிகளில் ஏறியது பிற்காலப் பேரரசர் டொமிஷியன் காலத்தில். பிரபுக்கள் அவையில் பயந்து பயந்து உட்கார்ந்திருந்த தலைமுறை அது. அந்த டொமிஷியன் திபேரியஸின் குறிப்புகளையும் ஆவணங்களையும் தவிர வேறெதையும் படிக்கமாட்டாராம். இது சுவெட்டோனியஸ் தரும் தகவல். டாசிடஸ் திபேரியஸைப் பார்க்கும்போது நடுவில் டொமிஷியன் நிற்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன்.

டாசிடஸ் சொன்னதைச் சரிபார்க்க வேறு ஆதாரம் ஏதாவது?

இருக்கிறது. திபேரியஸின் தத்துப்பிள்ளை ஜெர்மானிக்கஸ் மரணத்தை ஒட்டி 20இல் பீசோ என்பவர் மேல் நடந்த வழக்கு பற்றி அவையின் தீர்மானம் வெண்கலத் தகட்டில் ஸ்பெயினில் கிடைத்து, 1996இல் வெளியானது. பெரும்பாலான விவரங்கள் டாசிடஸோடு ஒத்துப்போகின்றன. தீர்மானம் பேரரசரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறது. டாசிடஸ் அதே வழக்கைச் சந்தேகக் கண்ணோடு சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

காப்ரி தீவில் நடந்ததாகச் சொல்லப்படுவது உண்மையா? (ஏழு பேர்)

ரோமை விட்டு 26இல் கிளம்பி, அடுத்த ஆண்டு இத்தாலிக் கரையோரத் தீவான காப்ரியில் குடியேறி, சாகும்வரை நகரத்துக்குள் திரும்பவில்லை. இது உறுதி. அங்கே அவர் செய்ததாகச் சொல்லும் ஆபாச, கொடூரக் கதைகளில் பெரும்பங்கு சுவெட்டோனியஸ் தருவது. நீங்கள் எதிர்பார்க்கும் பகுதியை இங்கே எழுதப்போவதில்லை. மீனவன் கதையைச் சொல்கிறேன்.

தீவின் பின்பக்கப் பாறையில் ஏறி வந்து ஒருவன் பெரிய மீன் ஒன்றைக் காணிக்கையாக நீட்டினான். காவலை மீறி ஆள் வந்துவிட்டானே என்று பதறிப்போன திபேரியஸ், அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். வலியிலும் அவன், ‘நல்லவேளை, பிடித்த பெரிய நண்டைக் கொண்டுவரவில்லை’ என்றானாம். உடனே நண்டையும் வரவழைத்துத் தேய்க்கவைத்தார்.

நடந்ததா? யார் கண்டது! சுவெட்டோனியஸ் ஆண்டு வரிசையில் எழுதுவதில்லை. கொடூரம், கஞ்சத்தனம் என்று தலைப்பு போட்டு அடுக்குவார். அதனால் எப்போது நடந்தது, யார் சாட்சி என்று பிடிக்கவே முடியாது. ஆனால் அவரைத் தள்ளிவிடவும் முடியாது, அரண்மனைக் கடிதப் பிரிவில் வேலை பார்த்தவர். ‘இவ்வளவு மெதுவான தாடையில் அரைபடப்போகிற ரோம மக்கள் பாவம்’ என்று அகஸ்டஸ் திபேரியஸைப் பற்றி முனகியதாக ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்ன கையோடு, அகஸ்டஸ் அவரைப் பாராட்டி எழுதிய கடிதங்களை எடுத்துப்போட்டு மறுப்பவரும் சுவெட்டோனியஸே.

அப்போ வெல்லேயஸை நம்பலாமா அண்ணா?

போர்க்களம் வரை நம்பலாம். டான்யூப் ஆற்றுப் பக்கம் நடந்த பனோனியப் போரில் காயம்பட்டவர்களுக்குத் தளபதி திபேரியஸின் வண்டியும் பல்லக்கும் போகும், தளபதியின் குளியல் சாமான்கூட நோயாளிக்கு வரும், நானே அதில் பயனடைந்தவன் என்கிறார். இதைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அரசியல் என்று வந்தால் மனிதர் வழுக்குகிறார். 30இல் புத்தகத்தை முடிக்கும்போது செஜானஸையும் வானளாவப் புகழ்ந்தார். அடுத்த ஆண்டே செஜானஸுக்கு மரண தண்டனை.

நான் கோவை. எங்கள் பக்கம் கிடைத்த ரோமக் காசுகளில் திபேரியஸ் முகம் நிறைய. இந்த வணிகம் பற்றி அவர்கள் எழுதினார்களா?

ஓரளவு. தென்னிந்தியாவில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸும் திபேரியஸும்தான் மிக அதிகம். 22இல் அவைக்கு எழுதிய கடிதத்தில், பெண்களின் ரத்தினங்களுக்காக நம் பணம் அந்நியரிடம் போகிறதே என்று திபேரியஸ் குறைப்படுவதை டாசிடஸ் பதிவு செய்திருக்கிறார். இந்தியா என்ற பெயர் அதில் இல்லை. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று பெயர் சொல்லிப் புலம்பியவர் பிளினி என்ற ரோம எழுத்தாளர், அது பின்னால்.

எப்படி இறந்தார்? தலையணையால் அமுக்கினார்களாமே?

டாசிடஸ் சொல்வது, மேலே துணிகளைக் குவித்து மூச்சை நிறுத்தினார்கள் என்று. சுவெட்டோனியஸ் விஷம், பட்டினி, தலையணை என்று வரிசையாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் செனெகா என்ற ரோம எழுத்தாளர் எழுதியதாக ஒன்று சொல்கிறார். எனக்கு நம்பத் தோன்றுவது அதுதான். முடிவு நெருங்கியதை உணர்ந்த கிழவர் முத்திரை மோதிரத்தைக் கழற்றினார், யாருக்கோ கொடுப்பதுபோல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மறுபடி விரலில் மாட்டி, இடது கையை இறுக மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தார். திடீரென்று வேலையாட்களைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. எழுந்தார், கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுந்தார்.