கோழிப்பண்ணை கேள்வி–பதில்: தீவனத்தில் மஞ்சளும் ஓமமும்

கேள்வி: சொந்தமாக இரண்டாயிரம் கறிக்கோழிகள் வளர்க்கிறேன். ஆன்டிபயாடிக் கலந்த தீவனத்தை நிறுத்திவிட்டு, மஞ்சளையும் பூண்டையும் அரைத்துக் குடிநீரில் கலந்து கொடுத்தேன். சென்ற பேட்ச்சில் எடை ஏறவில்லை, நிப்பிள்களும் (கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனைகள்) அடைத்துக்கொண்டன. மூலிகையால் பயன் உண்டா, இல்லையா? (ஒரத்தநாடு வாசகர்)

பதில்: பயன் உண்டு, கொடுத்த வழிதான் தவறு. மஞ்சளின் சாரமான குர்குமின் தண்ணீரில் கரையாது. தொட்டியில் கலக்கிவிட்ட பொடி குழாயின் அடியில் படிந்து, பூண்டுச் சாற்றோடு சேர்ந்து வழவழப்பான படலமாகிவிடும். ஒரு நிப்பிளைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினால் அந்த மஞ்சள் சேற்றை நீங்களே காணலாம். கறிக்கோழி தான் தின்னும் தீவனத்தின் எடையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீவனம் குறையும், தீவனம் குறைந்தால் எடை ஏறாது. உங்கள் பேட்ச்சை மஞ்சள் கெடுக்கவில்லை, தாகம்தான் கெடுத்திருக்க வேண்டும்.

இனி மஞ்சளைத் தீவனத்தில் மட்டுமே சேருங்கள். கிலோவுக்கு 5 கிராம், அதாவது 50 கிலோ மூட்டைக்கு 250 கிராம் போதும். அதை நேரே மூட்டையில் கொட்டாமல், முதலில் இரண்டு கிலோ தீவனத்தில் நன்றாகப் பிசறி, அதைப் பத்து கிலோவில் கலந்து, பிறகு முழு மூட்டையோடு சேர்த்தால்தான் எல்லாக் கோழிக்கும் ஒரே அளவு போய்ச் சேரும். குச்சித் தீவனமாக இருந்தால் பொடி தட்டின் அடியில் தங்கிவிடும் என்பதால், சிறிது தவிட்டெண்ணெய் தெளித்துப் பிசறி, அன்றன்றே கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும். கொஞ்சம் மிளகுப் பொடி சேர்ப்பது நல்லது. மிளகின் பைப்பரின் குர்குமினை உடல் ஏற்க உதவும். கடைப் பொடியில் நிறமிகளைக் கலப்படம் செய்வதுண்டு. விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை 2006 ஜனவரி முதல் நிறுத்தியபோது, அங்குள்ளவர்கள் ஆரிகனோ, தைம் ஆகிய செடிகளின் எண்ணெய்களை நாடினார்கள். அவற்றின் வேலையைச் செய்பவை கார்வக்ரால், தைமால் என்னும் இரு பொருள்கள். தைமால் நம் வீட்டு ஓமத்திலேயே மிகுதியாக இருக்கிறது. கொல்லையில் வளரும் கற்பூரவல்லியில் இரண்டும் உண்டு. குடலில் தீய நுண்ணுயிரிகளை அடக்குவதும் செரிமான நீரைத் தூண்டுவதும் இவற்றின் பணி. எந்த மூலிகையும் தடுப்பூசிக்கு மாற்றாகாது. வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தும், கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்தும் உரிய நாளில் கொடுத்தே ஆக வேண்டும். குடிநீரில் தடுப்பு மருந்து தரும் நாளில் அதே நீரில் எந்தக் கஷாயமும் கலக்காதீர்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் ரத்தக்கழிச்சல் வந்து குஞ்சுகள் சாகின்றன. வேப்பிலையும் கீழாநெல்லியும் கொடுத்தும் நிற்கவில்லை. (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பதில்: நிற்காது. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள், கழிச்சலோடு வெளியேறி ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள கூளத்தில் (கொட்டகைத் தரையில் பரப்பும் உமிப் படுக்கையில்) ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கடைமடைப் பகுதியில் மழைக்காலத்துக் கொட்டகைத் தரையே அதற்கு நாற்றங்கால். கூளத்தில் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து கையை விரியுங்கள்: உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டை போல உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. அந்த இடத்துக் கூளத்தை அள்ளி வெளியேற்றி, நம் அரிசி ஆலைகளில் தாராளமாகக் கிடைக்கும் உலர்ந்த உமியை நிரப்பி, நாள்தோறும் கிளறிவிடுங்கள். ஒழுகும் நிப்பிளையும், சாரல் அடிக்கும் பக்கத்துத் திரையையும் அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். நோய் கண்ட குஞ்சுகளுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை அளவு குறைக்காமல், சொன்ன நாள்வரை கொடுங்கள். வேப்பிலை மிகுந்தால் கசப்பினால் தீவனம் எடுப்பதே குறையும். நோயுற்ற குஞ்சுக்கு அது கூடுதல் சுமை.

கேள்வி: நிறுவனத்தின் குஞ்சை வளர்ப்புக் கூலிக்கு வளர்க்கிறேன். அவர்கள் தரும் தீவனத்தில் நானாக மூலிகை சேர்க்கலாமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: கேட்காமல் சேர்க்காதீர்கள். குஞ்சும் தீவனமும் அவர்களுடையவை; ஒரு கிலோ எடை ஏற எவ்வளவு தீவனம் செலவானது என்னும் தீவன மாற்றுத் திறனைக் கணக்கிட்டே உங்கள் கூலி தீர்மானிக்கப்படுகிறது. நீங்கள் கலந்த பொடியினால் கணக்கு மாறினால் வழக்கு உங்கள் தலையில் விழும். கண்காணிப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள்.

கேள்வி: மஞ்சள் கொடுத்தால் நாட்டுக்கோழி போலத் தோல் மஞ்சளாகுமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: ஆகாது. தோலுக்கு நிறம் தருவது மஞ்சள் மக்காச்சோளத்திலும் துலுக்கச் சாமந்தி இதழிலும் உள்ள சாந்தோபில் என்னும் நிறமி. குர்குமின் அவ்வாறு தோலில் படிவதில்லை. சந்தையில் நீங்கள் பார்த்த நாட்டுக்கோழியின் மஞ்சள், பெரும்பாலும் தீயில் வாட்டியபின் கடைக்காரர் கையால் பூசியதுதான்.