இன்னொரு தடவ சொல்லு (வாசகர் கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ரொம்ப நாளா உங்க எழுத்த படிச்சிட்டு வர்றேன், கடிதம் போடுறது இதான் மொத தடவ. கோவில்பட்டிக்கு கிழக்க ஒரு சின்ன கிராமம் எனக்கு, பதினாலு வருஷமா திருப்பூர்ல இருக்கேன். இந்த மாசம் எங்க பெரியப்பா தவறிட்டாரு. எனக்கு தெரிஞ்சது மறுநாள் சாயங்காலம், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஊர் வாட்ஸ்அப் குரூப்ல காலைல ஆறரைக்கே போட்டுட்டாங்களாம். அந்த குரூப்ல ஒரு நாளைக்கு எரநூறு மெசேஜ் வரும், பாதி காலை வணக்கம் படம், மீதி கட்சி சண்டை, அதனால நான் மியூட்ல போட்டு வச்சிருந்தேன். எங்க அண்ணன்கிட்ட கேட்டா "குரூப்ல போட்டோமேடா, பாக்கலயா"ங்கிறான், என் மேலதான் தப்புங்கிற மாதிரி.

எங்கப்பா காலத்துல வெளியூர்க்காரங்களுக்கு ஆள் அனுப்பி கேதம் சொல்லுவாங்க, உள்ளூருக்குள்ள தமுக்கடிச்சு சொல்லுவாங்க. அந்த சத்தம் கேட்டாலே நாங்க தெருவுக்கு ஓடுவோம். இப்ப தண்டோராவையே அரசாங்கம் தடை பண்ணிடுச்சு. அது ஒரு கலை, மரபு, அத போயி தடை பண்ணலாமா? தண்டோரா இருந்த வரைக்கும் ஊரு ஊரா இருந்துச்சு, இப்ப குரூப்பா இருக்கு. நீங்க என்ன நெனக்கிறீங்க?

உங்கள் வாசகன்

—

தம்பிக்கு,

பெரியப்பா விஷயம் படிச்சு வருத்தமா இருந்துச்சு. கடைசியா ஒரு தடவ மொகம் பாக்க முடியாமப் போறது லேசுப்பட்டதில்ல, நெஞ்சுல ரொம்ப நாள் கெடக்கும். உங்க அண்ணன் மேல வந்த கோவமும் புரியுது. ஆனா அந்தக் கோவத்த தூக்கிட்டு நேரா தமுக்குகிட்ட போய் நிக்கிறீங்க பாருங்க, அங்கதான் உங்கள கொஞ்சம் மறிக்கணும்னு தோணுது.

எனக்கும் அந்த சத்தம் புடிக்கும். எங்க ஊரு அருப்புக்கோட்டை பக்கம், கரிசக்காடு. மத்தியான வெயில்ல ஊரே வேப்பமரத்தடியில படுத்துக் கெடக்கும்போது கீழத்தெரு முக்குல டண்டண் டண்டண்னு ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்துல நிக்கும், நின்ன ஒடனே "இதனால சகலமான பேருக்கும் தெரிவிக்கிறது என்னன்னா"ன்னு ஒரு கொரலு வரும். கண்மாய் மீன் ஏலமா, வரி கட்டச் சொல்லி தாலுகா ஆபீஸ்லருந்து ஆள் வருதா, மாரியம்மனுக்கு பொங்கல் சாட்டியாச்சா, எவன் வெள்ளாமையிலயோ மேஞ்ச மாட்ட பவுண்டுல அடைச்சிருக்கா, எல்லாத்துக்கும் அந்த ஒரே கொரலுதான். பொங்கல் சாட்டுனா மட்டும் ஊரு கொஞ்சம் நிமிந்து உக்காரும், ஏன்னா சாட்டுன அன்னிலருந்து பொங்கல் முடியுற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக்கூடாது, கல்யாணப் பேச்சு பேசக்கூடாது, எங்கம்மா மொளகா வறுக்கக்கூட யோசிப்பாங்க.

தமுக்கடிச்சவர நாங்க சின்னப் பசங்க எல்லாரும் பேரு சொல்லித்தான் கூப்பிடுவோம். எங்க தாத்தா வயசு அவருக்கு. எனக்கு ஒம்பது வயசு இருக்கும், கோலி வெளாடிட்டு இருந்ததுல அவரு சொன்னது பாதிதான் காதுல விழுந்துச்சு. "ஏய், இன்னொரு தடவ சொல்லு"ன்னேன். நாலு எட்டு தாண்டிப் போனவரு நின்னு, திரும்பி, முதல்லருந்து தமுக்க அடிச்சு, "இதனால சகலமான பேருக்கும்"னு ஆரம்பிச்சு முழுசையும் சொல்லிட்டுப் போனாரு. எனக்கு ஒருத்தனுக்காக. அன்னிக்கு எனக்கு தல கால் புரியல, ராத்திரி சாப்பிடும்போது அம்மாட்ட சொன்னேன், அம்மா சிரிச்சாங்க, அவ்வளவுதான்.

அது என்ன மாதிரி காரியம்னு எனக்கு வெளங்க இன்னும் பத்து வருஷம் ஆச்சு. காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்ல இருந்த பையன், அவங்கப்பாவும் அவங்க ஊர்ல இதே வேலை பாத்தவரு. ஒரு நாள் நான் இந்த மாதிரிதான் தமுக்கு, மத்தியானம், வேப்பமரம்னு கத விட்டுட்டு இருந்தேன். அவன் பொறுமையா கேட்டுட்டு சொன்னான், "எங்கப்பா எல்லாத் தெருவுலயும் அடிப்பாருடா, எங்க தெருவுக்கு வரும்போது மட்டும் தமுக்க கக்கத்துல இடுக்கிட்டு சும்மா நடந்து வருவாரு." ஏன்டான்னு கேட்டேன். "கண்மாய் ஏலத்துல எங்கள சேத்துக்க மாட்டாங்க, கோயில் பொங்கலுக்கு நாங்க வெளிய நிக்கணும், அப்புறம் எங்க தெருவுல என்னத்த சொல்ல?" அதுக்கப்புறம் நான் அந்தக் கதய யார்கிட்டயும் அதே மாதிரி சொன்னதில்ல. இப்பதான் எழுதுறேன்.

இது யாரும் ஆசப்பட்டு கத்துக்கிட்டு செஞ்ச வேல கெடையாது தம்பி. இன்ன சாதி, இன்ன குடும்பம்னு ஊரு தலையில கட்டுனது, அப்பனுக்கப்புறம் மகன், கூலின்னு பாத்தா அறுப்பு முடிஞ்சு களத்துல அளந்து போடுற கம்போ சோளமோ. ஒடம்பு சரியில்ல, இன்னிக்கு முடியாதுன்னு சொல்ற வாய்ப்பே கெடையாது. நீங்க சொல்ற கேதம் சொல்லப் போறதும் பல ஊர்ல அதே ஆளுங்க தலையிலதான் விழுந்துச்சு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு எழவு விழுந்தா பன்னெண்டு மணிக்கே கெளம்பணும், பத்து மைலு நடந்து போய் வாசலுக்கு வெளிய நின்னு சொல்லிட்டு திரும்பணும்.

இவ்வளவுக்கும் நம்ம பழைய இலக்கியத்துல முரசறையிறவனுக்கு இருந்த மரியாதையே வேற. மணிமேகலை தொடங்குறதே விழாவறை காதையிலதான், புகார்ல இந்திர விழா வரப்போகுதுன்னு அறிவிக்கிறவன் யான மேல முரச ஏத்தி அடிச்சுட்டுப் போறான், தெருவுல பழைய மணல மாத்தி புது மணல் பரப்புங்க, வாழையும் கரும்பும் கமுகும் நடுங்கன்னு சொல்றான். ஊரு வாழ்க, மழை பொய்க்காம பெய்யட்டும்னு வாழ்த்திட்டுத்தான் விஷயத்துக்கே வர்றான், பசியும் பிணியும் பகையும் நீங்கட்டும்னு வாழ்த்திட்டுத்தான் முடிக்கிறான். அவன முதுகுடியில பொறந்தவன்னு சொல்லுது அந்தக் காப்பியம். யான மேல இருந்தவன எறக்கி வெறுங்காலோட நடக்க விட்டது யாருங்கிறத நாமதான் யோசிக்கணும். பறையடிக்கிறதோட சேத்துச் சொல்ற பறையர்ங்கிற பேரு இங்கிலீஷ்ல 'பரையா'ன்னு (pariah) போயி ஒதுக்கப்பட்டவன்னு ஒரு வார்த்தையாவே ஒக்காந்துருச்சு, அது எவ்வளவு பெரிய அவமானம்.

அதனால 2022 ஆகஸ்ட்ல அப்ப தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு எல்லா கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதி, தண்டோராவ நிறுத்துங்க, வண்டியில ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம், இனிமே அடிக்க விடுறவங்க மேல நடவடிக்க எடுங்கன்னு சொன்னப்ப எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. லேட்டுன்னு வேணா சொல்லலாம். கலை போயிடுமேன்னு கேக்குறீங்க. போகல. பறை இன்னிக்கு மேடையில இருக்கு, காலேஜ் பொண்ணுங்க கத்துக்கிறாங்க, மதுரை வேலு ஆசானுக்கு 2025ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்த மேடையில அடிக்கிறவங்கள யாரும் "ஏய், இன்னொரு தடவ சொல்லு"ன்னு சொல்ல முடியாது. கலைக்கு தடை வரல, வேண்டாம்னு சொல்ல முடியாத ஒரு வேலைக்குத்தான் தடை வந்துச்சு.

சரி, உங்க கடிதத்துல நியாயமே இல்லயான்னா இருக்கு. நீங்க அத வேற எடத்துல தேடுறீங்க.

எங்க அத்தை ஒருத்தங்க, எழுபது தாண்டிட்டாங்க, ரெண்டு மாடு வச்சிருக்காங்க, கையில பட்டன் போன். வருஷத்துக்கு ரெண்டு தடவ கோமாரி ஊசி போட கால்நடை ஆஸ்பத்திரியிலருந்து வருவாங்கல்ல, போன தடவ அத குரூப்ல போட்டாங்க. அத்த குரூப்ல கெடையாது. பஞ்சாயத்துலருந்து ஆட்டோவுலயும் மைக் கட்டி விட்டாங்க, குத்தம் சொல்லல. ஆனா அத்த வீடு இருக்கிறது ஆட்டோ நொழைய முடியாத சந்து. ரோட்டுல போன ஆட்டோவுலருந்து "கால்நடை வளர்ப்போர்" காதுல விழுந்துச்சு, "நாளை காலை" விழுந்துச்சு, அப்புறம் ஆட்டோ வளைவுல திரும்பிருச்சு, சேலையத் தூக்கிச் சொருகிட்டு ஓடிப் பாத்தா புழுதிதான் இருக்கு. மறுநாள் ரெண்டு மாட்டையும் பத்திக்கிட்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிட்டாங்க, ஊசி போட்டது ஊரணிக் கரையில. அங்க போய் சேரும்போது எல்லாரும் கெளம்பியாச்சு. அப்புறம் தனியா ரெண்டு நாள் அலஞ்சு ஊசி போட்டாங்க, அது வேற கத.

என்கிட்ட சொல்லும்போது, "தமுக்கடிக்கிறவனா இருந்தா நிறுத்திக் கேட்டிருப்பேன், இந்த எழவெடுத்த ஆட்டோகிட்ட என்னத்தக் கேக்க"ன்னாங்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, 'அடிக்கிறவன்'ங்கிறது சுருக்குன்னும் இருந்துச்சு. ஆனா விஷயம் அதான். தமுக்கு மட்டும் அறிவிப்பு இல்ல. அடிச்சுட்டு நின்ன ஆளு இருக்காருல்ல, "எந்த மடையில?", "எத்தன மணிக்கு?", "கன்னுக்குட்டியையும் பத்திட்டு வரணுமா?"ன்னு கேட்டா பதில் சொன்ன ஆளு, அவருதான் பாதி அறிவிப்பு. அந்த ஆள எடுத்துட்டு, சத்தத்துக்கு மட்டும் மாத்து வச்சிருக்கோம். அவரு பதில் சொன்னதே மறுக்க முடியாததாலதாங்கிறது எனக்கும் மறக்கல, அதனாலதான் பழையபடி வரட்டும்னு என்னால சொல்ல முடியல.

குரூப்ல கேட்டா என்னன்னு தோணும். எங்க ஊர் பஞ்சாயத்து குரூப்ல அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும். காலை வணக்கம் தொல்ல தாங்காம அப்படி பண்ணுனாங்க, அதும் நியாயம்தான். ஆனா கிராம சபை இருக்கே, முன்னாடி வருஷத்துக்கு நாலு தடவ, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அப்புறம் 2022ல உலக தண்ணீர் தினம் மார்ச் 22ஐயும் உள்ளாட்சி தினம் நவம்பர் 1ஐயும் சேத்து ஆறாக்குனாங்க. மக்கள் நேர்ல கேள்வி கேக்குறதுக்குன்னே சட்டத்துல இருக்கிற கூட்டம். ஒரு தடவ காலைல ஒம்பது நாப்பதுக்கு மெசேஜ் வருது, 'இன்று 11 மணிக்கு கிராம சபை, அனைவரும் வருக', கூடவே கை கூப்புற எமோஜி ரெண்டு. அதுக்கு முன்னாடியே ஊர்ல முக்காவாசி பேரு காட்டு வேலைக்கு போயாச்சு. எதுக்கு இவ்வளவு லேட்டா சொல்றீங்கன்னு அங்க டைப் பண்ணக்கூட எடம் கெடையாது. சாயங்காலம் போட்டோ மட்டும் கரெக்ட்டா வந்துருச்சு.

இப்ப எங்க ஊர்ல கேட்டா பதில் சொல்ற ஆளு யாருன்னு பாத்தா, தண்ணி தொறந்து விடுற டேங்க் ஆபரேட்டர். காலைல கொழாயடியில குடத்தோட நிக்கிற பொம்பளைங்க எல்லாத்தையும் அவர்கிட்டதான் கேக்குறாங்க, ரேஷன்ல பருப்பு வந்துருச்சா, நாளைக்கு எத்தன மணிக்கு கரண்ட் கட், முதியோர் பணம் ஏறிருச்சா. அவருக்கு தெரியும், தெரியலன்னா கேட்டு வந்து சொல்லுவாரு. அவரு சம்பளம் தண்ணி விடுறதுக்கு மட்டும்தான், இதுக்குன்னு தனியா ஒரு ரூபா கெடையாது. இதையும் இப்படியே அவரு தலையில கட்டிருவோமோன்னு எனக்கு பயமா இருக்கு.

எங்க ஊர் தமுக்குக்காரர் பேரன் இப்ப பக்கத்து டவுன்ல சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்காரு. நம்ம பஞ்சாயத்து ஆட்டோவுல ஓடுற ரெக்கார்டிங் அவரு கொரலுதான், அந்தத் தாத்தா கொரலு அப்படியே. ரெண்டு வருஷம் முன்னாடி கோயில் கமிட்டி மைக் செட் பாக்கிய இழுத்தடிச்சிட்டு அடுத்த பொங்கலுக்கும் வந்து நின்னப்ப, பழைய பாக்கியும் புது அட்வான்ஸும் கைக்கு வர்ற வரைக்கும் வயர வண்டியிலருந்து எறக்கல மனுஷன். ஊரே கோவப்பட்டுச்சு, அப்புறம் குடுத்துச்சு. போன தீவாளிக்கு அவரப் பாத்தப்ப அந்த கோலி வெளாட்டு கதய சொன்னேன், எப்படி எடுத்துக்குவாரோன்னு உதறலோடதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் "இப்ப கேளுங்க சார், பென்டிரைவ்ல இருக்கு, ஆயிரம் தடவ வேணாலும் சொல்லும், வாடகைய மட்டும் கரெக்டா வச்சிருங்க"ன்னாரு. சிரிச்சாரா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல.

உங்க அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். குரூப்ல போட்டா சொன்னதா ஆகாதுன்னு அவர்கிட்ட சண்ட போடுங்க, உங்க பக்கம் நியாயம் இருக்கு. கல்யாணப் பத்திரிகைய வாட்ஸ்அப்ல அனுப்புனா "வாசப்படி ஏறி கூப்பிடல"ன்னு மொகத்தத் தூக்கி வச்சிக்கிற நம்மாளுங்க எழவ மட்டும் அதுல போட்டா போதும்னு எப்ப முடிவு பண்ணாங்கன்னே தெரியல. ஒரு வீட்டுல சாவு விழுந்தா வெளியூர்ல இருக்கிறவங்க பட்டியல பங்காளி நாலு பேரு பிரிச்சுக்கிட்டு ஆளுக்கு பத்து போன், எடுக்கலன்னா திரும்ப, அரை மணி நேர வேல. அதுக்கு யாரும் பத்து மைலு நடக்க வேண்டியதில்ல.

பதினாறாம் நாள் காரியம் இன்னும் முடியலன்னா லீவு போட்டுட்டு போயிட்டு வாங்க. பெரியம்மாவுக்கு போன் பண்ணிட்டு இருக்காதீங்க, நேரா போய் உக்காருங்க. தேதி என்னன்னு அண்ணன்கிட்டயே கேளுங்க, அந்த சாக்குலயாவது ரெண்டு பேரும் பேசுவீங்க. குரூப் மியூட்லயே கெடக்கட்டும், நானும் அப்படித்தான் வச்சிருக்கேன்.

அன்புடன்,
அண்ணன்