அவுட்லுக் மெயிலையெல்லாம் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல் நிறைந்துவிட்டது என்று மெயில் இறங்கவே மாட்டேன் என்கிறது, பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) பதில் போட முடியவில்லை. பாதி மெயிலை அழித்தும் சைஸ் குறையவில்லை. என்ன செய்வது?

அழிப்பதை உடனே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எந்த வருடத்து அவுட்லுக், ஃபைல் எத்தனை ஜிபி என்று நீங்கள் எழுதவில்லை. பையர் என்று எழுதியிருப்பதை வைத்து ஏதோ ஒரு ஏற்றுமதி கம்பெனி, சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் மெயில், ஒரே பிஎஸ்டி ஃபைலில் வருடக்கணக்காகச் சேர்ந்த மெயில் என்று எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் சிஸ்டம் பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

பயப்பட வேண்டாம், இனி வரும் மெயில் தொலைந்துபோகாது. பாப் மெயிலில் அவுட்லுக் இறக்க முடியாதது சர்வரிலேயே உட்கார்ந்திருக்கும். வெப்மெயிலில் போனால் தெரியும். ஆனால் சர்வரில் உங்கள் பெட்டிக்கும் ஒரு அளவு இருக்கும். அது நிறைந்தால்தான் அனுப்பியவருக்கே மெயில் திரும்பிப் போகும். அதனால் இதை இழுத்தடிக்கவும் கூடாது.

அழித்தும் ஏன் குறையவில்லை? ஒன்று, நீங்கள் அழித்தது டெலீட்டட் ஐட்டம்ஸுக்குப் போயிருக்கிறது. அதுவும் அதே பிஎஸ்டிக்குள்தான் இருக்கிறது. இரண்டு, அதையும் காலி செய்தாலும் ஃபைல் உடனே சுருங்காது. நோட்டில் ஒரு பக்கத்தை அடித்துவிட்டால் நோட்டு மெலிவதில்லை அல்லவா, அப்படித்தான். காலியான இடத்தை அவுட்லுக் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு அடுத்து வரும் மெயிலுக்குப் பயன்படுத்தும். சும்மா கிடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுருக்கும். இப்போதே சுருங்க வேண்டும் என்றால் அக்கவுன்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ், செட்டிங்ஸ் என்று போய் காம்பாக்ட் நவ் கொடுக்க வேண்டும். பெரிய ஃபைல் என்றால் மணிக்கணக்கில் ஓடும். யுபிஎஸ் இல்லாத மெஷினில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. என் கதையே அதுதான்.

2010 வாக்கில் நடந்தது. அப்போது நான் இருந்த கம்பெனியில் பையர் ஆர்டர்களைக் கவனிக்கும் சீனியர் மெர்ச்சண்டைசர் அக்கா ஒருவர். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர், "தம்பி, மெயில் ஒண்ணும் வரமாட்டேங்குது, பையர் போன்ல கத்தறான், என்னன்னு பாருங்க" என்றார். நான் போவதற்குள் மேனேஜர் வெளியே இருந்து ஒரு சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் ஃபைலைப் பார்த்தார். 2 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. "ஆபீஸ் 2007 போட்டிருக்கீங்க, இது 20 ஜிபி வரைக்கும் தாங்கும்ங்க. சைஸ் பிரச்சனையே இல்லீங்க, ஃபைல் கரப்ட் ஆயிப்போச்சு. ஆபீஸை எடுத்துட்டுத் திரும்பப் போட்டுப் புது புரொஃபைல் பண்ணிரலாம்ங்க" என்றார். பழைய மெயில்? "வந்தா வருமுங்க."

அவர் சொன்ன கணக்கு தப்பில்லை. அவுட்லுக் 2003, 2007 இரண்டிலும் பிஎஸ்டி 20 ஜிபி வரை போகும். 2010-லிருந்து அது 50 ஜிபி. ஆனால் 97 முதல் 2002 வரை வந்த அவுட்லுக்கில் உருவாக்கிய பிஎஸ்டி வேறு வகை. அதன் உச்சமே 2 ஜிபிதான். எவ்வளவு புது அவுட்லுக்கில் திறந்தாலும் அது பழைய வகையாகவேதான் இருக்கும், தானாக மாறாது. அந்த அக்காவின் ஃபைல் அவுட்லுக் 2000 காலத்தில் பிறந்தது. கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் அதே ஃபைலைக் காப்பி செய்து புது மெஷினில் திறந்து கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்றால், அவருடைய இன்பாக்ஸில் பொங்கல் வாழ்த்து ஒன்று கிடந்தது. தலைப்பு முழுக்க வெறும் கேள்விக்குறிகள். அதே மெயில் எனக்கும் வந்திருந்தது, என் மெஷினில் தமிழில் ஒழுங்காகத் தெரிந்தது. பழைய வகை பிஎஸ்டிக்கு யூனிகோட் தெரியாது, தமிழ் எழுத்தை அதில் வைக்க இடமில்லை, கேள்விக்குறியாக்கிவிடும். கண்ட்ரோல் பேனலில் மெயில் என்று இருக்கும், அதில் டேட்டா ஃபைல்ஸ் போய் செட்டிங்ஸ் திறந்து காட்டினேன். ஃபார்மேட் என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் 97-2002 என்று இருந்தது. சர்வீஸ்காரர் அதற்குள் சிடியை டிரைவில் போட்டு மூடியிருந்தார்.

அதற்கப்புறம் செய்தது பெரிய வித்தை இல்லை. அவுட்லுக்கை மூடிவிட்டுப் பழைய ஃபைலை அப்படியே வேறு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்தேன். புது வகையில் ஒரு பிஎஸ்டி உருவாக்கி, புது மெயில் அதில் இறங்கும்படி மாற்றினேன். அந்த நிமிடமே மெயில் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அவசரமான ஷிப்மென்ட் ஃபோல்டரை மட்டும் முதலில் காப்பி செய்து கொடுத்தேன், அக்கா வேலையைத் தொடர்ந்தார். மீதி ராத்திரி ஓடியது. அது கரண்ட் கட் காலம், ஜெனரேட்டர்காரரிடம் தனியாகச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். காலையில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் பழையதில் எத்தனை, புதியதில் எத்தனை என்று சரிபார்த்த பிறகே பழைய ஃபைலை அவுட்லுக்கில் இருந்து க்ளோஸ் செய்தேன். வரும் மெயிலைத் தானாகப் பிரித்துப் போடும் ரூல்ஸ் எல்லாம் பழைய ஃபோல்டரையே காட்டிக்கொண்டிருந்தன, அவற்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

சர்வீஸ்காரருக்கு வந்து போனதற்குச் சார்ஜ் என்று பில் பாஸ் ஆனது. எனக்கு டீ. நான் பணத்துக்காகச் சொல்லவில்லை. ஆனால் திருப்பூரில் கம்பெனி சிஸ்டம் ஆள் என்றால் என்னவென்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். முதலாளி வீட்டு செட்டாப் பாக்ஸ், முதலாளி பையனின் ஸ்கூல் புராஜெக்ட், மச்சினர் கல்யாணத்துக்கு புரொஜெக்டர் எல்லாம் நம் தலையில்தான். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கச் சொன்னால் மட்டும் "அடுத்த மாசம் பார்க்கலாம்". டீசலுக்குக் கணக்கே இல்லாமல் கொட்டுவார்கள். சரி, அதை விடுங்கள்.

பழைய மெயில் எதற்கு, தூக்கிப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு. 2011 தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. துணி வெளியூரில் சாயம் போட்டு வர வேண்டிய நிலை, ஷிப்மென்ட் தள்ளிப்போனது. பையர் தாமதத்துக்குப் பணம் பிடிக்கிறேன் என்று டெபிட் நோட் அனுப்பினார். தேதி தள்ளிவைக்கச் சம்மதம் என்று அவர்கள் தரப்பிலிருந்தே வந்த மெயிலையும், அதோடு லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதையும் அக்கா அந்த ஃபைலில் இருந்துதான் எடுத்துப் போட்டார். டெபிட் நோட் வாபஸ். ஆபீஸைத் திரும்பப் போட்டிருந்தால் அந்த மெயில் இருந்திருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதலில் ஃபார்மேட் வரியைப் பாருங்கள். 97-2002 என்று இருந்தால் நான் மேலே செய்தது போலச் செய்யுங்கள். 2010-க்குப் பிந்தைய க்ளாசிக் அவுட்லுக்கில் அந்தப் பாதை ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ். அதற்காகப் பழைய ஃபைலை வெட்டும் கருவி எதையும் தேடிப் போகாதீர்கள். ஒரு காலத்தில் 2 ஜிபியைத் தாண்டித் திறக்காமல் போன ஃபைலுக்கு மைக்ரோசாஃப்டே அப்படி ஒன்று கொடுத்தது. வாலை வெட்டிவிட்டு மீதியைத் திறக்கும். வெட்டுப்பட்ட மெயில் போனது போனதுதான். உங்கள் ஃபைல் திறக்கிறது, உங்களுக்கு அது தேவையே இல்லை.

97-2002 இல்லை, நிஜமாகவே 50 ஜிபி நிறைந்துவிட்டது என்றால் வேறு வழி. விண்டோஸின் உள் செட்டிங்ஸ் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மேக்ஸ்லார்ஜ்ஃபைல்சைஸ் என்று ஒன்று உண்டு, எம்பி கணக்கில் அதைக் கூட்டினால் இன்றைக்கு மெயில் வரும். எச்சரிக்கைக்கான வார்ன்லார்ஜ்ஃபைல்சைஸையும் கூடவே, அதைவிடக் கொஞ்சம் குறைவாக, வைக்க வேண்டும். ஆபத்துக்குச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் 80, 90 ஜிபி பிஎஸ்டி வைத்திருப்பவரின் அவுட்லுக் காலையில் திறக்கும் வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் பழுதானால், அதைச் சரிசெய்யும் ஸ்கேன்பிஎஸ்டி ஓடி முடிக்கும்வரை அந்த டேபிளில் வேலை இல்லை.

பிரிப்பதே சரி. வருடத்துக்கு ஒரு பிஎஸ்டி, அல்லது பெரிய பையருக்குத் தனி பிஎஸ்டி. அவுட்லுக்குக்குள்ளேயே புது டேட்டா ஃபைல் உருவாக்கி, பழைய வருடங்களைக் காப்பி செய்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, அப்புறம் மூலத்தில் ஷிஃப்ட் டெலீட், கடைசியில் காம்பாக்ட். ஷிஃப்ட் ஏன் என்றால், வழிய வழிய நிற்கிற ஃபைலில் சாதாரண டெலீட் சில நேரம் வேலை செய்யாது. எதையாவது தூக்கியே ஆக வேண்டும் என்றால் இன்பாக்ஸை விட்டுவிட்டு சென்ட் ஐட்டம்ஸைச் சைஸ் வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே டெக் பேக்கை (டிசைன், அளவு விவரக் கோப்பை) நிட்டிங், டையிங், பிரின்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஃபார்வர்டு செய்து வைத்திருப்பீர்கள். அத்தனையும் தனித்தனிப் பிரதி.

எல்லா பிஎஸ்டியையும் சர்வரில் ஷேர் ஃபோல்டரில் வைத்து அங்கிருந்தே திறக்கலாமே என்று ஒரு புத்திசாலி சொல்வார். எனக்கும் சொன்னார்கள், முடியாது என்று சண்டையே போட்டேன். நெட்வொர்க் வழியாக பிஎஸ்டியைத் திறந்து வேலை செய்வதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. பேக்கப் வைக்க மட்டும் சர்வர். அதேபோல டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் எடுத்துக்கொண்டிருந்தால் பிஎஸ்டியும் அதில் மாட்டியிருக்கும், பாருங்கள். அவ்வளவு பெரிய ஃபைலோடு அது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

"இந்தக் காலத்தில் யாரய்யா பிஎஸ்டி, க்ளவுடுக்குப் போங்கள்" என்று கீழே கமெண்ட் வரும். தெரியும் சாமி. தலைக்கு மாதம் இவ்வளவு என்று கணக்குப் போட்டு முதலாளி டேபிளில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கமெண்ட்டைப் போடட்டும்.

காப்பி எடுக்கும்போது ஒன்று. பென் டிரைவில் போட்டால் இடம் இருந்தும் ஃபைல் பெரியது என்று மறுக்கலாம். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒற்றை ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், உள்ளே இருப்பதை முதலில் எடுத்துவிட்டு.

பையருக்கு இன்றே பதில் போக வேண்டும் என்றால் வெப்மெயிலில் போய் அனுப்பிவிடுங்கள், உங்களுக்கே ஒரு சிசி போட்டுக்கொள்ளுங்கள். பிரிக்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். சனிக்கிழமை வேண்டாம். சம்பள நாள், ஒருத்தரும் உங்களை அந்த மெஷினில் நிம்மதியாக உட்கார விடமாட்டார்கள்.